நான்கு மணிக்குத் தட்டிய சுவர்

போன வருடம் துர்கா பூஜை முடிந்த கையோடு, கொல்கத்தா பாலிகஞ்சில் இருக்கும் எங்கள் பழைய ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நியூ டவுனில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். குடிவந்தது ஒரு பெங்காலிப் பெண். ஸ்கூல் டீச்சர், தனி ஆள். ஆறு மாதத்துக்குள் காலி செய்யக் கூடாது என்று அக்ரிமென்ட்.

கையெழுத்துப் போட்டு பத்து நாள்தான் ஆகியிருக்கும். முகம் வெளுத்துப்போய் வந்து நின்றாள். என்னை மாஷிமா, அதாவது பெரியம்மா, என்றுதான் கூப்பிடுவாள். "மாஷிமா, நான் காலி பண்ணிடறேன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு பெட்ரூம் சுவத்துல யாரோ தட்டறாங்க. நான் திருப்பித் தட்டினா பதில் வருது."

வேறு நல்ல வீடு கிடைத்திருக்கும், அதற்குத்தான் கதை கட்டுகிறாள் என்று நினைத்தேன். "பழைய கட்டடம், தண்ணீர்க் குழாய் அப்படித்தான் சத்தம் போடும். அக்ரிமென்ட்டைப் படிச்சுத்தானே கையெழுத்துப் போட்டே?" என்றேன்.

"ஒரே ஒரு நாள் வந்து என்கூட உட்காருங்க" என்றாள்.

மறுநாள் போனேன். நான்கு மணிக்கு மூன்று தட்டல் கேட்டது. அவள் இரண்டு முறை தட்டினாள். சுவரிலிருந்து இரண்டு வந்தது. நான் ஐந்து முறை தட்டினேன். மெதுவாக, இடைவெளி விட்டு, ஐந்து வந்தது. குழாய்க்கு எண்ணத் தெரியுமா?

அந்தச் சுவருக்கு மறுபக்கம் இருந்த ஃப்ளாட்டில் வெளியே பூட்டு தொங்கியது. அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், மத்தியானம் அவரைத் தூங்க வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வெளியே போவது வழக்கம்தான் என்றார் வாட்ச்மேன். கதவைத் தட்டிக் கூப்பிட்டோம். குரல் வரவில்லை. தட்டல் மட்டும் வந்தது. பூட்டை உடைத்தோம்.

பக்கவாதத்தில் பேச்சு போன பெரியவர், நனைந்த படுக்கையில், கையில் ஒரு ஸ்பூனோடு கிடந்தார். தண்ணீர் பாட்டில் எட்டாத தூரத்தில் உருண்டு கிடந்தது. நான் அங்கே குடியிருந்த கடைசி மாதங்களில் எனக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. பிளம்பரைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறேன்.

வெளியூரிலிருந்து பெரியவரின் மகன் வந்து அவரைத் தன்னோடு அழைத்துப் போனார். அடுத்த மாதம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். "நாலு மணியானா காது தானா அந்தச் சுவத்துக்குப் போகுது மாஷிமா. இப்போ சத்தமே வரல. அதுதான் தாங்க முடியல."

ஆறு மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் காலி செய்ய விட்டேன். கண்ணெதிரே முகம் வெளுத்து நின்ற ஒருத்தியை நம்புவதற்கு எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டதே, அது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.