சாம்பியனின் கடைவாய்ப்பல்

ஊரார் 'கிரேன்' என்று கூப்பிடுகிற பயில்வான் விடிந்ததும் செய்கிற முதல் வேலை, தோல் வாரைப் பல்லால் கவ்விக்கொள்வது. வாரின் மறுமுனையில் அரைமூட்டை மணல் தொங்கும். அதோடு கூடத்தில் இருபது நடை நடப்பார். நடுவில் யார் எது கேட்டாலும் "ம்" என்பார். அவர் வீட்டுக்காரிக்கு இது நன்றாகத் தெரியும். தையல் மெஷின், புதுக் கட்டில், அவள் தங்கை வந்து இரண்டு மாதம் தங்கியது எல்லாமே அந்த "ம்"மில் வந்தவை.

குஸ்தியில் மூன்று வருஷமாகச் சாம்பியன். ஆனால் ஜனம் டிக்கெட் வாங்குவது அதற்கு முன்னால் நடக்கிற கூத்துக்கு. லாரியைப் பல்லால் இழுப்பார்.

"லாரி சொன்னபடி கேக்கும். டிரைவர்தான் பிரேக்குல கால வச்சிருவான்" என்பார்.

நூற்றிருபது கிலோ உடம்பு. வாசலில் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். கரப்பான் பூச்சி பறக்கிற அன்று மட்டும் எப்படி வெளியே போனார் என்று யாரும் பார்த்ததில்லை.

ஒரு மாதமாக வலது கடைவாய்ப்பல் குடைச்சல். லாரியின் பாரம் முழுக்க அந்தப் பல்லில்தான். சொன்னால் பிடுங்கிவிடுவார்கள், பிடுங்கினால் சாம்பியனுக்கு ஏது லாரி என்று வாயே திறக்கவில்லை. இடது பக்கமாகவே மென்றதில் வீட்டுக்காரியிடம் குட்டு உடைந்தது.

"ஊரையே தூக்கி அடிக்கிறவருக்கு ஊசின்னா பயமா?"

"பயமா, எனக்கா? பல்லு பாவமேன்னு பாக்கிறேன்மா."

பல் டாக்டர் சின்னப் பெண். "வாயத் திறங்க ஐயா" என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். நாலாவது தரம் வீட்டுக்காரி அவர் மூக்கைப் பிடித்தாள். வாய் திறந்தது. பல் வந்தது. கூடவே நாற்காலியின் கைப்பிடியும் வந்தது.

"லாரி எல்லாம் இனிமே கஷ்டந்தான் ஐயா" என்றாள் டாக்டர்.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில், வலது கன்னத்தில் பஞ்சோடு, இறக்கி வைத்த மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. வலியால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டுக்காரி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு தன் கைப்பையின் வாரை அவர் வாயின் இடது பக்கம் திணித்தாள்.

"கவ்வுங்க."

கவ்வினார். பெஞ்சின் காலில் செருப்பை ஊன்றி, பையைப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அவர் கழுத்து இம்மியும் அசையவில்லை. அவளே தைத்த பைதான் தையல் விட்டது.

"எந்திரிங்க" என்றாள்.

எழுந்தார். அவர் தோளுக்கும் எட்டாதவள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, நுனிக்காலில் எம்பி, குஸ்தி நடுவர் போல அவர் வலது கையைத் தூக்கிப் பிடித்தாள்.