நெற்றியில் இருந்த பச்சைப்புள்ளி

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு மூக்கு நுனியில் ஆறாத புண். திருவனந்தபுரத்தில் அதை வெட்டி எடுத்தார்கள். குழியை அவளுடைய நெற்றித் தோலாலேயே மூடப்போவதாக டாக்டர் சொன்னார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அது பத்திரிகைக்குச் செய்தி, நிருபராக நான் போனேன். டாக்டருக்கு மலையாளமும் இங்கிலீஷும்தான். தோட்டத்துத் தமிழை அவருக்குச் சொல்லும் வேலையும் என்னிடம் வந்தது.

அவளுக்கு முப்பது வயதிருக்கும். கணவன் இறந்து இரண்டு வருஷம். புருவங்களுக்கு நடுவே பச்சை குத்திய ஒரு புள்ளி.

"குங்குமத்த அழிச்சிட்டாவ சார். இது எங்கம்மா குத்திவிட்டது, ஒருத்தராலயும் அழிக்க முடியல்ல. இதுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா? கேட்டுச் சொல்லுங்க."

"எந்தா பறயுந்நது?" என்றார் டாக்டர்.

"பேடியா, வேறொந்நுமில்ல" என்றேன். பயம், வேறொன்றுமில்லை. நீண்ட பேச்சை ஒரு வரியாக்குவது என் தொழில்.

டாக்டர் நெற்றித் தோலில் ஒரு பட்டையை உரித்தார். அதன் அடியைப் புருவ நடுவிலேயே விட்டு, முறுக்கி இறக்கி, நுனியை மூக்கில் தைத்தார். ரத்தம் அந்த அடி வழியாகத்தான் வரவேண்டும். மூன்று வாரத்தில் மூக்கோடு ஒட்டிக்கொண்டதும் இடையிலுள்ள தோலை அறுத்துவிடலாம். அதுவரை முகத்தில் ஒரு சின்னத் தும்பிக்கை. பச்சைப்புள்ளி அதன்மேல் கோணலாக இருந்தது.

"பிள்ளையாரே, கொழுக்கட்டை வேணுமா?" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

"கொண்டாக்கா, பொட்டு வச்ச பிள்ளையாரு!" என்று சிரித்தவள், முகம் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள். "இருக்குல்லா சார்? டாக்டரு விட்டு வச்சிட்டாரு."

அப்போதாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். அந்த மூன்று வாரத்தில் இரண்டு முறை போனேன். வீக்கம், தையல், தோலின் நிறம் எல்லாம் குறித்துக்கொண்டேன். அவள் கேட்டது மட்டும் குறிப்பில் இல்லை.

இரண்டாவது அறுவையன்று மூக்கு நன்றாகப் பிடித்திருந்தது. டாக்டர் இடைத் தோலை அறுத்து, மிச்சத்தை நறுக்கித் தட்டில் போட்டார். தட்டில் அந்தப் புள்ளி கிடந்தது.

வெளியே வந்ததும் அவள் கேட்டதை டாக்டரிடம் சொன்னேன்.

"நேரத்தே பறயண்டே?" என்றார். முன்னமே சொல்லவேண்டாமா? முன்பே தெரிந்திருந்தால் மிச்சத் தோலைப் புருவ நடுவிலேயே திருப்பி வைத்துத் தைத்திருப்பாராம். அதற்குக் கூடுதலாக நாலு தையல் போதுமாம்.

கட்டுப் பிரித்த அன்று அவள் வெகுநேரம் கண்ணாடி பார்த்தாள். மூக்கைத் தொடவில்லை. புருவ நடுவில் இருந்த புதுத் தழும்பை விரலால் தடவினாள்.

"நீங்க சொல்லித்தான் இருப்பிய சார்" என்றாள். "அவருக்கு நம்ம பேச்சு வெளங்கியிருக்காது."

ஆமாம் என்று தலையசைத்தேன்.