சின்னம்மா சேர்த்துவிட்ட வீடு

மலேசியாவில் பகாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டு அம்மாவுடன் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். பதினைந்து வயது. எண்பதுகளின் தொடக்கம். அம்மாவின் தங்கை செரம்பானிலிருந்து வந்து, செனாவாங்கில் தொழிற்சாலை வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். சின்னம்மா சொல்லிவிட்டால் அம்மாவுக்கு மறுபேச்சு கிடையாது. என் அடையாளக் கார்டையும் சின்னம்மாவே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

செரம்பானில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு வியாபாரக் குடும்பத்தின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தொழிற்சாலையில் கூப்பிடும்வரை இங்கே இரு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கார்டு அந்த வீட்டு அம்மாவின் கைக்குப் போனது.

யாரும் கூப்பிடவில்லை. சமையல், துணி, தரை எல்லாம் நான். படுக்கை அடுப்படியில். அவர்கள் வெளியே போனால் கேட்டுக்குப் பூட்டு. சம்பளத்தைப் பற்றிக் கேட்டதற்குச் சின்னம்மாவிடம் பேசிக்கொள் என்றார்கள். சின்னம்மா ஒருநாள் வந்தார். தேநீர் கொண்டுபோய் வைத்தேன். அடி வாங்கி வீங்கியிருந்த என் கன்னத்தைப் பார்த்தார். குடித்து முடித்துவிட்டுப் போனார்.

சோறு குழைந்ததற்காக அந்த அம்மா ஒருநாள் கொதிக்கிற கஞ்சியை என் கைமேல் ஊற்றினார். பக்கத்துக் கிளினிக்கில் எங்களவர், ஒரு தமிழர்தான் டாக்டர். கேட்டதற்கெல்லாம் அந்த அம்மாவே பதில் சொன்னார். அவர் மருந்து வாங்க வெளியே போனதும், நான் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"நான் இவங்க பொண்ணு இல்ல டாக்டர். என்னை வெளிய விடமாட்டேங்கறாங்க. எங்கம்மாகிட்ட அனுப்பிருங்க."

டாக்டர் கதவைத் திறந்து அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

"பிள்ளை வீட்டு நெனப்புல அழுவுதுலா. கொஞ்சம் அனுசரிச்சுப் பாத்துக்குங்க."

என் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார். தமிழில் சொன்னால் போதும், காப்பாற்றிவிடுவார் என்று நம்பியிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் என்னைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினார்கள். கட்டு மாற்ற ஆளில்லை. கை சீழ் பிடித்து, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்ததும் பயந்துபோய் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே ஒரு மலாய் நர்ஸ், கட்டுப் போடும் அறைக்குள் யாரும் வரக்கூடாது என்று அந்த அம்மாவை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார். எங்கே படுக்கிறாய், கார்டு யாரிடம் இருக்கிறது, கடைக்குத் தனியாகப் போவாயா என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை சொல்லிப் பட்டது போதும் என்றிருந்தது.

அவர் வற்புறுத்தவில்லை. காயம் ஆறும்வரை அனுப்ப முடியாது என்று ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேசி வார்டில் சேர்த்துவிட்டார். தினமும் வந்து கட்டு மாற்றினார். அவர் என்னிடம் கேட்டதில் ஒரு வார்த்தையும் அந்த அம்மாவிடம் போகவில்லை என்று தெரிந்தபிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸ் வந்தது. அம்மா வந்து அழுதார். சொந்தப் பிள்ளைபோல வைத்திருந்தோம் என்று அந்த வீட்டார் சாதித்தார்கள். சின்னம்மாவும் அப்படியே சொல்ல, குடும்பத் தகராறு என்று விஷயம் அடங்கிப்போனது. நான் அம்மாவோடு தோட்டத்துக்குத் திரும்பினேன்.

தொண்ணூறுகளில் நான் நிஜமாகவே செனாவாங்கில் தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நர்ஸ் அப்போது இளையவர்களுக்குப் பாடம் எடுப்பவராகியிருந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காணச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டார். இத்தனை நோயாளிகளுக்கு நடுவில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஓர் இளம் டாக்டர் தமிழில் கேட்டார்.

"கூட வந்தவங்கள வெளிய நிறுத்திட்டுக் கேளுங்க டாக்டர். சொல்லலைன்னா காத்திருங்க. சொன்னா, அவங்ககிட்டயே போய்ச் சொல்லிராதீங்க."

அந்த வீட்டில் உங்களைக் கொண்டுபோய் விட்டது யார் என்று இன்னொரு பெண் கேட்டாள். தெரிந்தவர்கள் என்று மட்டும் சொன்னேன். அந்தத் தீபாவளிக்கும் அம்மா, சின்னம்மா வீட்டிலிருந்து வந்த முறுக்கைத் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார். எடுத்துக்கோ, உனக்குன்னுதான் குடுத்துவிட்டிருக்கா என்றார்.