வயலின் பெட்டியில் முன்னூறு வெள்ளி

நாகப்பட்டினத்துக்குக் கப்பல் டிக்கெட் எடுத்த கையோடு காஜா பெராங்கிலிருந்த மாமி வீட்டுக்குத்தான் ஓடினேன். இரண்டு வருட வாத்தியார் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய டிக்கெட். வெறும் டெக் டிக்கெட்தான். ஆனாலும் கப்பலையே விலைக்கு வாங்கிவிட்ட மாதிரி பஸ்ஸில் அதை நாலு முறை எடுத்து எடுத்துப் பார்த்தேன். மாமியிடம் காட்ட வேண்டும். மாமா உயிரோடு இருந்திருந்தால் அவரிடம்தான் முதலில் காட்டியிருப்பேன். அந்தப் பயணம் நியாயப்படி அவருடையது.

மாமா என் அம்மாவின் மூத்த அண்ணன். அம்மா வீட்டார் மலாக்காச் செட்டிகள். அவர்களுக்குக் கோயில் உண்டு, திருநீறு உண்டு, மாரியம்மன் திருவிழா உண்டு. தமிழ் மட்டும் கிடையாது. வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பேசுவது ஒருவகை மலாய். அப்பாதான் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர், துணிக்கடையில் வேலை. மாமா வீடும் எங்கள் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நடுவில் ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் யாராவது திட்டுவார்கள்.

மாமா சுங்க இலாகாவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீடுகளில் வயலின் வாசிப்பார். இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பந்துன் என்ற மலாய் நாலடிப் பாட்டைப் பாடி ஒருவரை ஒருவர் மடக்க, நடுவில் இவருடைய வயலின் இருவருக்கும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும். அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. ஐம்பத்தைந்து வயது வரை மனிதன் ஆபீசுக்கும் குடும்பத்துக்கும் சொந்தம். அதற்குப் பிறகு அவனுக்கு வேண்டியது பாட்டு, காசு, பயணம், இந்த மூன்றுதான் என்பார். முதல் இரண்டும் மூன்றாவதற்காகத்தான் என்றும் சேர்த்துக்கொள்வார். முன்னோர் கப்பலேறிய கரையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்த அடுத்த வருடம் ஜப்பான்காரன் வந்துவிட்டான். ஓய்வூதியம் நின்றது. கப்பல் நின்றது. கல்யாணங்கள் நடந்தன, ஆனால் வயலின்காரரைக் கூப்பிட்டுச் சோறு போட யாரிடமும் சோறு இல்லை. மாமாவோ, கப்பலே இல்லாத அந்தக் காலத்தில்தான் கப்பல் பயணத்துக்காகத் தமிழ் படிக்க ஆரம்பித்தார். கற்றுக்கொடுத்தது நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னை 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார். மலாயில் வாத்தியாரம்மா என்று அர்த்தம்.

"நான் நாகப்பட்டணம் வந்தான்" என்பார்.

"வந்தேன், மாமா. வந்தான் இல்ல."

"யார் வந்தா என்னா லா, சிக்கு? வந்து சேந்தாச்சு இல்ல?"

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா குரல் கொடுப்பார். "மச்சான்! அங்க போயி இப்படிப் பேசினீங்க, அடுத்த கப்பல்லயே திருப்பி ஏத்தி விட்டுருவானுங்க!"

"டிக்கெட் அவன் எடுக்கும்னா நல்லதுதானே, மாப்பிள்ளை!"

ஒருநாள், என் சம்பளம் என்று சொல்லி, உள்ளறைக்கு அழைத்துப்போய் வயலின் பெட்டியைத் திறந்தார். வயலினை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்த பச்சை வெல்வெட்டை ஓர் ஓரத்தில் உரித்தார். பத்து வெள்ளி நோட்டுகள், முப்பது. அத்தனையிலும் இங்கிலீஷ் ராஜாவின் தலை. கல்யாணம் கல்யாணமாக வாசித்துச் சேர்த்தது. கடைத்தெருவில் ஜப்பான்காரன் வாழைமரம் போட்டு அச்சடித்த வாழைமர நோட்டுகளையே பார்த்துப் பழகிய எனக்கு அது கோயில் நகையைப் பார்த்த மாதிரி இருந்தது.

"மாமிக்குத் தெரியாது. உனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். மாரியம்மன் கோயில் இருந்த திசையைக் காட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டார். பெரியவர்களின் ரகசியம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்ற பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்ற வேண்டியதற்கு மேலேயே காப்பாற்றினேன்.

மாமியின் கபாயாச் சட்டையைச் சேர்த்துப் பிடித்திருந்தவை மூன்று தங்க ஊக்குகள், கெரோசாங். கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் போட்டது. முதல் ஊக்கு அரிசியாயிற்று. இரண்டாவதும் அரிசியாயிற்று, முதலைவிடக் குறைந்த அரிசியாக. அந்த இடங்களில் மாமி சாதாரண ஊசி குத்திக்கொண்டாள். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த பிறகு பிறந்த கடைக்குட்டி ஒருவன் அவர்களுக்கு இருந்தான், நாலு வயது. மழைக்காலத்தில் அவனுக்கு மலேரியா கண்டது.

பாசார் சந்தைக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவனிடம் கொயினா மாத்திரை கிடைத்தது. மாமியோடு நானும் போனேன். நான் தினமும் அம்மா சுடும் மரவள்ளிக் குவேப் பலகாரத்தை அந்தப் பக்கம் கூடையில் வைத்து விற்பவள். அவனை எனக்குத் தெரியும். மாமி நீட்டிய வாழைமர நோட்டுக் கட்டை அவன் கையால்கூடத் தொடவில்லை.

"இத வச்சு அடுப்பு மூட்டிக்குங்க, மாமி. ராஜா தலை இருக்கா? இருந்தா எத்தன மாத்திர வேணாலும் தரேன். இல்லாட்டி தங்கம்."

மாமி அங்கேயே திரும்பி நின்று மூன்றாவது ஊக்கைக் கழற்றினாள். சட்டையை ஒரு கையால் பிடித்தபடியே வீடு வரைக்கும் நடந்தாள். கிடைத்தது எட்டு மாத்திரை. அதில் பாதி சுண்ணாம்பு மாவு என்று பிறகு சொன்னார்கள்.

அந்த நாட்களில் மாமா இரண்டு முறை வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனதைப் பார்த்தேன். இரண்டு முறையும் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார். "நாளைக்கு இறங்கிடும் காய்ச்சல்" என்று மலாயில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெளியே எங்காவது வாசித்து நாலு காசு வாங்க நினைத்திருப்பார், மனசு வரவில்லை என்று நான் எண்ணிக்கொண்டேன். ஆறாம் நாள் பிள்ளை போய்விட்டான்.

மாமா அதன்பின் வயலினைத் தொடவில்லை. தமிழும் படிக்கவில்லை. என்னைச் சிக்கு என்று கூப்பிடுவதும் நின்றது. எனக்குத் தாங்கவில்லை. நான் சும்மா இருக்கிற பிள்ளையா? ஜப்பான் பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பரிசு வாங்கியவள். மாமாவைத் திரும்பச் சிரிக்க வைக்க எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. சைக்கிள் கடைக்காரன் ஒரு ராஜா நோட்டுக்கு ஒரு கட்டு வாழைமர நோட்டு தருகிறான். முப்பது நோட்டுக்கு முப்பது கட்டு! ஒரு பயணம் என்ன, மாமா பத்துப் பயணம் போகலாமே.

பழக்காலம் வந்தது. செட்டி வீடுகளில் அப்போது இறந்தவர்களுக்குப் படையல், பர்ச்சு என்பார்கள். உள்ளறையில் வரிசையாக இலை போட்டு, யார் யாருக்கு என்ன பிடிக்குமோ அதை வைத்து, கும்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். இறந்தவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை உள்ளே யாரும் போகக்கூடாது. அந்த வருடம் கடைசியில் புதிதாக ஒரு சின்ன இலை. அதில் மாமி ரம்புத்தான் பழங்களை உரித்து வைத்திருந்தாள். அவனுக்கு உரிக்கத் தெரியாது.

எல்லோரும் முற்றத்தில் நின்றபோது நான் பின்கதவு வழியாக உள்ளே போனேன். வீட்டில் யாருமே எட்டிப் பார்க்காத நேரம் அது ஒன்றுதான். உரித்த பழங்களை மிதிக்காமல் தாண்டி, பெட்டியைத் திறந்து, வெல்வெட்டை உரித்து, முப்பதையும் எடுத்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன்.

மறுநாள் குவேக் கூடை நிறையப் பணத்தோடு வந்தேன். முப்பது கட்டுக்கு மேல் இரண்டு கட்டு அவனாகவே போட்டுக் கொடுத்தான். நல்ல மனுசன் என்று நினைத்தேன். வெல்வெட்டுக்கு அடியில் அத்தனையும் கொள்ளவில்லை. வயலினைச் சுற்றி அடுக்கி, மூடியை அழுத்தி மூடி, மாமாவை இழுத்துவந்து திறந்து காட்டினேன்.

மாமா ஒரு கட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். கன்னத்தில் அறை விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாராட்டுக்காகக் காத்து நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது, மாமா."

அதற்குள் மாமி கதவருகே வந்துவிட்டாள். பெட்டியைப் பார்த்தாள். "ஏது இவ்வளவு?" என்று மலாயில் கேட்டாள்.

"வயலினை விற்றுவிட்டேன். முன்பணம்" என்றார் மாமா. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில் வயலினை ஒரு சாரோங்கில் சுற்றி எடுத்துக்கொண்டு புக்கிட் ரம்பாய்க் கிராமத்துக்கு நடந்தார். பெட்டியில்தான் பணம் இருந்ததே. சாயங்காலம் சாரோங்கை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அங்கே யாரோ ஒரு கல்யாண வித்வானிடம் சும்மா கொடுத்துவிட்டாராம். பல வருடம் கழித்துத் தெரிந்தது. அந்தக் கட்டுகளில் இரண்டு சாக்கு மரவள்ளியும் கொஞ்சம் கருவாடும் வாங்க முடிந்தது. அடுத்த மாதம் ஜப்பான்காரன் தோற்றான். மிச்சக் கட்டுகளில் பிள்ளைகள் காஜா பெராங் சாலையில் காற்றாடி செய்து பறக்கவிட்டார்கள்.

அப்பா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஊருலயே ஒரே ஆளு, நம்ம மச்சான்தான். வாழைமரத்துக்கு வயலின வித்தாரு!" மாமாவும் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். சண்டை முடிந்து மூன்றாம் வருடம் மாமா இறந்துபோனார். பாட்டும் காசும் பயணமும் ஒரே நாளில் போய்விட்டன, என்னைக் காப்பாற்ற அவர் ஒரு பொய் சொன்னதால். இதை நான் பயிற்சிக் கல்லூரித் தோழிகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சொல்லும்போதெல்லாம் எனக்கே கண் கலங்கும்.

டிக்கெட்டைப் பார்த்த மாமி பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினாள். தூசி தட்டினாள். "கொண்டு போ. அவருடைய பெட்டியாவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திருடியது நான், மாற்றியது நான், மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அப்படிப்பட்ட மனிதர் அவர் என்று விம்மிக்கொண்டே சொன்னேன். மாமி கட்டிக்கொள்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

மாமி பெட்டியின் மேல் கையை வைத்தபடி கேட்டாள்.

"முன்னூறு. ராஜா தலை."

"ஆமா மாமி."

"பிள்ளை காய்ச்சலில் கிடந்தானே. அப்போது இதற்குள்ளே இருந்ததா?"

நான் வாயைத் திறந்தேன். பதில் வருவதற்குள் அவள் எதைக் கேட்கிறாள் என்பது எனக்கே உறைத்துவிட்டது.

"இருந்தது."

"உனக்குத் தெரியும்."

தெரியும். பெட்டி ஓர் அறையில், காய்ச்சல் அடுத்த அறையில். ராஜா தலை இருந்தால் எத்தனை மாத்திரை வேண்டுமானாலும் தருகிறேன் என்று அவன் சொன்னபோது நான் மாமியின் பக்கத்திலேயே கூடையோடு நின்றேன். கணக்கில் பரிசு வாங்கிய பிள்ளை. முப்பது நோட்டை முப்பது கட்டாகப் பெருக்கத் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் கிடந்த அந்த இரண்டையும் கூட்டிப் பார்க்க மட்டும் தெரியவில்லை. மாமா வாசல்வரை போய்த் திரும்பியது அந்தப் பணத்தைப் பிரிய மனமில்லாமல். யாருக்குத் தெரியும் என்று கேட்டதும், வயலினைத் தாரை வார்த்ததும் எனக்காக இல்லை. மாமி இந்தக் கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

மாமி பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டாள்.

கப்பல் புறப்படுமுன் பர்ச்சு வந்தது. உதவிக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு மாமி இலை போட்டாள். அவருக்குப் பிடித்த மீன் கறியை ஒரு குறையும் இல்லாமல் வைத்தாள். பிறகு ரம்புத்தானை ஒவ்வொன்றாக உரித்துப் பிள்ளையின் அந்தச் சின்ன இலையில் அடுக்கினாள். அதை மட்டும் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், அடுத்த அறையில் தனியாக வைத்து, கதவைச் சாத்தினாள்.