தடிமன் எண்ணெயும் சின்னம்மாவின் பிள்ளையும்

போத்தலின் மூடியைத் திறந்ததும் முதலில் எரிவது கண்தான். மூக்கு அதற்குப் பிறகுதான் விழித்துக்கொள்ளும். திருகோணமலையில் கப்பல் திருத்தும் டொக்யார்டில் வேலை செய்த என் அப்பா, நாங்கள் ஐயா என்கிறவர், மூதூருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவரும் யூக்கலிப்டஸ் எண்ணெயை, தடிமன் என்கிற சளிக்குப் பூசுவதால், எங்கள் வீட்டில் "தடிமன் எண்ணெய்" என்றே சொல்வோம். தேங்காயெண்ணெயில் கலந்து நெஞ்சில் தடவ, கொதிநீரில் விட்டு ஆவி பிடிக்க, ஐயாவின் கையிலும் இடுப்பில் கட்டிய சாரத்திலும் ஒட்டிய தாரைத் துடைக்க, எல்லாவற்றுக்கும் அதே போத்தல்தான். இருமல் வந்தால் பெரியவர்கள் சீனியில் இரண்டு சொட்டு விட்டு விழுங்குவார்கள். "இலையில இருந்து வாறதுதானே, என்ன செய்யப்போகுது?" என்பார் ஐயா.

அந்த மாரியில் ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. பிள்ளைப்பேற்றுக்கு வந்து எங்களுடனேயே தங்கிவிட்ட அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, மூக்கடைத்துப் பால் குடிக்க ஏலாமல் சிணுங்கிய கைக்குழந்தையைத் தோளில் போட்டு வாசலுக்கும் அடுப்பெரியும் குசினிக்குமாக நடந்தபடி இருந்தார். மழையும் விடவில்லை, அழுகையும் விடவில்லை. எனக்கோ ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல், மழைக்குள் இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

அம்மா கிணற்றடிக்குப் போன நேரம், சின்னம்மா பெரியவர்கள் செய்வதைப்போலவே எண்ணெயைச் சீனியில் விட்டு, தண்ணீரில் கரைத்து, கரண்டியால் பிள்ளைக்குப் பருக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் சிணுங்கல் நின்றது.

"பாருங்கோ அக்கா, நித்திரையாப் போனான்" என்று, திரும்பி வந்த அம்மாவிடம் சின்னம்மா சிரித்தார். அம்மா குனிந்து பார்த்தார். பிள்ளையின் மூச்சில் எண்ணெய் மணத்தது. அம்மா தூக்கிப் பார்த்த அவன் கை துணியைப்போல விழுந்தது.

"தாரையே கரைக்கிற எண்ணெயடி! பிள்ளையின்ர வயித்தில என்ன செய்யும்?"

சத்தி எடுக்க வைத்து எண்ணெயை வாயால் வெளியே கொண்டுவரப் பக்கத்து வீட்டு மாமி உப்புத்தண்ணீரோடு ஓடிவந்தார். அம்மா மறித்தார். "மயங்கிக் கிடக்கிறவனுக்கு ஒண்டும் பருக்காதேங்கோ, புரைக்கேறிப்போகும்."

அக்கரையில் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போக, அம்மாவும் சின்னம்மாவும் என்னையும் இழுத்துக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடினார்கள். குடாவைக் கடக்கும் மோட்டார்ப் படகான லோஞ்ச் கட்டிக் கிடந்தது. "காத்து அடங்கட்டும் தங்கச்சி" என்றார் லோஞ்ச் ஓட்டுகிற, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர்.

"அதுவரைக்கும் இவன் இருப்பானோ காக்கா?"

அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்தார். கொட்டியாரக் குடா எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. "மூச்சு விடுறானோ? மூச்சு விடுறானோ?" என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். சின்னம்மாவின் காது பிள்ளையின் வாயோடு ஒட்டியிருந்தது.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஒட்சிசன் வைத்தார்கள். "பூசுகிறதும் குடிக்கிறதும் ஒன்றில்லை. சின்னப்பிள்ளைகளுக்கு இதைப் பூசவும் வேண்டாம், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகவும் வேண்டாம்" என்று டொக்டர் கடிந்து சொன்னார். அடுத்த நாள் காலையில் பிள்ளை வீரிட்டு அழுதான். வார்டில் வேலை செய்த பெண் ஒருவர் தூக்கி ஆற்ற வந்தபோது சின்னம்மா கையை விரித்துத் தடுத்தார்.

"அழட்டும்! ஒருத்தரும் ஆத்தாதேங்கோ, அவன் அழட்டும்!"

சொல்லிவிட்டுத் தானும் சேர்ந்து அழுதார்.

இப்போது அந்த லோஞ்சும் இல்லை, அதை ஓட்டிய காக்காவும் இல்லை. பாலங்கள் வந்துவிட்டன, பஸ்ஸில் ஏறினால் மழையோ காற்றோ பாராமல் திருகோணமலைக்குப் போய்விடலாம். வழியில் ஏதாவது குழந்தை அழுதால் சனம் முகம் சுளிக்கும். எனக்கு அது ஒன்றும் செய்யாது. அழுகை சட்டென்று நிற்கும்போதுதான் பதைக்கும். எழுந்து, முன்பின் தெரியாத அந்தத் தாயின் மடியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.