புகைக்குழாயில் இரண்டு பல்பு

ஈரக் கையைப் புகைக்குழாயின் மேல் உதறுகிறார் வேலாமணி. துளிகள் சுர்ரென்று மறைந்தால் விறகு போதும். சோம்பலாக வழிந்தால் இன்னும் இரண்டு கட்டை. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை பேக்டரியில், இலை உலர்த்தும் டிரையருக்குத் தீப்போடுவது அவர் வேலை. பொம்பளை தாங்குவாளா என்றவர்களிடம், "உங்க ஊட்டுல அடுப்பு ஊதறது ஆருங்க?" என்று கேட்டு வாங்கிய வேலை.

டீ குடிக்க மாட்டார். "நாள் முச்சூடும் அந்த வாசத்துல வேகறனுங்க. அப்பறம் அதையே குடிக்கோணுமா?"

சுவரைத் தாண்டி வெளியேறும் குழாயில், வீணாகப் போகும் சூட்டின்மேல், சின்ன வெள்ளைத் தகடுகளை இறுக்கியிருக்கிறார். ரிசார்ட்டுகள் எறிந்த குளிர்பெட்டிகளில் இருந்தவை; காயலான் கடையில் பொறுக்கியவை. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் பட்டால் மின்சாரம் வரும் என்று சொன்னவர் டிவி மெக்கானிக் மூக்கன். மலையில் எதையும் போர்த்தியே பழக்கம். முதல் நாள் வேலாமணி தகடுகளுக்கும் கம்பளி போர்த்திவிட்டார். பல்பு எரியவில்லை. மூக்கன் சிரித்தது தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் முழுக்கக் கேட்டதாம். இப்போது அவற்றின் முதுகில் ஓடைத் தண்ணீர் ஓடுகிறது. ஊரே திட்டும் மூடுபனி அவருக்கு மட்டும் பிடிக்கும்.

கிடைப்பது இரண்டு சிறிய பல்புகளுக்கான மின்சாரம். அவை பேக்டரிக்குப் பின்னாலிருக்கும் பிள்ளைக் காப்பகத்தில் எரிகின்றன. மழைக்காலத்தில் அங்கே பகலே இருட்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் மெஷின்களுக்கு மட்டும்தான். போன ஆடியில், கொழுந்து பறிக்கப் போனவளின் குழந்தை அந்த இருட்டில் கொதிக்கும் கஞ்சியில் கைவிட்டது. அதன்பிறகுதான் வேலாமணி காயலான் கடைக்குப் போனார்.

இதைப் பார்க்க நான் போன அன்றும் கரண்ட் இல்லை. பேக்டரி வேலையை மேற்பார்க்கும் டீமேக்கர் குமாரசாமி கையில் ஸ்பேனரோடு வந்தார். நாளை முதலாளி வருகிறார், கேட்காமல் குழாயில் கட்டியதை இப்போதே கழற்று, இல்லாவிட்டால் நாளை முதல் வேலைக்கு வராதே என்றார்.

"வானத்துக்குப் போனப்ப இந்தச் சூட்டை ஆரும் கேக்கலீங்களே சார்," என்றார் வேலாமணி. "புள்ளைங்களுக்குப் போனா மட்டும் கேப்பீங்களா?"

குமாரசாமி ஸ்பேனரை நீட்டினார். வேலாமணி வாங்கிக்கொண்டார். குழாயருகே குனிந்து, தளர்ந்திருந்த ஒரு திருகை அவர் கண்ணெதிரே நன்றாக இறுக்கினார். பிறகு ஸ்பேனரை முந்தானையில் துடைத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.