உச்சியில் மணியில்லாத சோளம்

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, எங்கள் புன்செய்க் காட்டுக்கு அடுத்தது அத்தாயியின் காடு. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷத்தில் அவள் கணவர் காய்ச்சலில் போனார். அதன்பின் கணவரின் தம்பி சின்னண்ணன், அந்தக் காட்டையும் தானே உழுது, அவளுக்கும் மகளுக்கும் தின்னத் தவசம் அளந்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் தன் காட்டில் எதை விதைப்பது என்பதை அத்தாயி தானே தீர்மானிக்க விரும்பினாள்.

கடைசியில் இருவருக்கும் ஒரு பேச்சு முடிவானது. இந்த ஒரு பூவுக்கு, அதாவது ஒரு போகத்துக்கு, அவளே வெள்ளாமை வைக்கலாம். அறுப்பு முடிந்து வீட்டிலுள்ள இரண்டு மொடாப் பானைகளும் தவசத்தால் நிறைந்தால் காடு அவளிடமே இருக்கும். குறைந்தால் சின்னண்ணன் ஏர் கட்டுவார்.

இப்படி ஒரு நெருக்கடியில் யாரும் பழகிய பயிரைத்தான் வைப்பார்கள். அத்தாயி மக்காச்சோளம் விதைத்தாள். சூரமங்கலம் ரயிலடியில் கூலியாக இருந்த அவள் தம்பி, வடநாட்டுக்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கிவந்த விதை அது. எங்கள் பக்கத்தில் அதைப் பயிராக யாரும் பார்த்ததில்லை. “ஒவ்வொரு மணியும் பல்லாட்டம் இருக்குது. இது வளந்தா எப்படி நிக்கும்னு பாக்கோணும்” என்பதுதான் அவள் சொன்ன காரணம். இடையில் வழக்கம்போலத் தட்டைப்பயறு ஊன்றினாள்.

களையெடுக்கும்போதெல்லாம் தண்டை நகத்தால் கீறி நாக்கில் வைத்துப் பார்ப்பாள். ஆடியில் உச்சியில் கதிர் வந்தது. நம் சோளக் கதிர்போலத் திரளாமல் விரல் விரலாக விரிந்து நின்றது. உருவினால் கையில் மஞ்சள் தூள் மட்டுமே ஒட்டியது.

எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்போம். சின்னண்ணன் வரப்பில் நின்று சிரித்தார். “ஏனுங் நங்கையா, கதிர்ல ஒரு மணி இல்லீங்களே! குருவி வந்து ஏமாந்து போகுமுங்க.”

களையெடுக்க வந்த குப்பாயியோ, “நடுத்தண்டுல என்னமோ பொடைச்சுட்டு வருது பாருக்கா. மேல நிக்கற மணியில்லாச் சாவிக் கதிரை அறுத்து எருமைக்குப் போடு. அதுவாச்சும் தேறட்டும்” என்றாள்.

அத்தாயிக்கு அது நியாயமாகவே பட்டது. மேற்கு ஓரத்திலிருந்து தொடங்கி உச்சிக் கதிர்களை அறுத்து எருமைக்குப் போட்டாள். பாதிக் காடு முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் கால் வைக்க முடியவில்லை. கிழக்குப் பாதி அப்படியே நின்றுவிட்டது.

நடுத்தண்டில் புடைத்தவைதான் மணி பிடிக்கும் கதிர்கள். அவை காய்ந்ததும் ஒடித்து, மட்டையை உரித்தாள். கிழக்கில் ஒடித்தவற்றில் மணிகள் நெருக்கியடித்து நின்றன. மேற்கில் ஒடித்தவை பொக்கை வாய். அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. ஒரு மொடா நிறைந்தது. இரண்டாவது பாதிகூட ஏறவில்லை.

அத்தாயி அழுதாள். அழுது முடித்ததும் ஒரு கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரே விதை, ஒரே எரு, ஒரே மழை. மேற்குக்கு மட்டும் என்ன வந்தது? காட்டில் பிந்திப் பிடித்த பச்சைக் கதிர்கள் சில இருந்தன. ஒன்றை ஒடித்து மெதுவாக உரித்தாள். கதிரின் நுனியில் தொங்கும் குடுமி வெறும் மயிர் அல்ல. அதன் ஒவ்வொரு நூலும் மட்டைக்குள் ஓடி, தனித்தனியே ஒரு மணியின் இடத்தில் முடிந்தது. மணி பிடித்த இடத்தில் நூல் தானாகக் கழன்றது. பொக்கையான இடத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் சின்னண்ணன் ஏரோடு வந்தார். அத்தாயி எதையும் மறைக்கவில்லை. மொடாவைக் காட்டினாள். பிறகு ஒரு பச்சைக் கதிரை அவர் கையில் கொடுத்தாள்.

“நூலை இழுத்துப் பாருங்க.”

அவர் இழுத்தார். இன்னொன்றை இழுத்தார். மாடுகள் நின்றபடி அசைபோட்டன.

“உச்சிக் கதிரோட தூளு இந்த நூல்ல உளுந்தாத்தான் மணி புடிக்குமாட்ட இருக்குதுங்க” என்றாள் அத்தாயி. “மேக்க நான் தலையை அறுத்துப்போட்டேன். மிச்சத் தூளை மேக்கருந்து அடிக்கற மேகாத்து கெழக்கயே கொண்டுட்டுப் போயிருச்சு.”

“அறுக்காம உட்டிருந்தா ரெண்டு மொடாவும் நெறைஞ்சிருக்கும்ங்கறீங்க?”

“அப்படித்தான் தோணுது. பாக்காம எப்படிச் சொல்றதுங்க?”

சின்னண்ணன் வெகுநேரம் நூல்களை இழுத்துக்கொண்டிருந்தார். பேச்சுப்படி காடு அவருடையதுதான். அதை அவளும் மறுக்கவில்லை. ஆனால் அவர் உழுது ராகி விதைத்துவிட்டால், இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

“இன்னொரு பூவு போடுங்க நங்கையா” என்றார். “நெறையுதான்னு எனக்கும் பாக்கோணும். ஆனா ஒரு வரிசையை மட்டும் நான் அறுத்துப் பாப்பேன்.”

“ஒரு வரிசை அறுத்துப் பிரயோசனமில்லீங்க. பக்கத்து வரிசைத் தூளு வந்துரும்.”

அவர் தலையைச் சொறிந்தார். “அப்போ ஒரு கதிரோட குடுமிக்குத் துணி சுத்திக் கட்டிப்போட்டா?”

அத்தாயி யோசித்தாள். “குடுமி வெளிய வாரதுக்கு முந்தியே கட்டிப்போடோணுங்க” என்றாள்.

அடுத்த ஆடியில் அந்தக் காட்டின் நடுவே ஒரு செடியில், சின்னண்ணனின் துண்டுக் கிழிசல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.